காரின் கம்பெனி ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லையா? எதை மாற்றலாம், எதை விடலாம்

கம்பெனியிலிருந்து வரும் கார் ஆடியோவில் பெரும்பாலும் கேட்கும் குறை ஒன்றுதான். குரல் தெளிவாக இருக்கிறது, வயலின் சரியாக இருக்கிறது, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியின் அடி மட்டும் இல்லை. கிக் டிரம் நெஞ்சில் விழாமல் காதோடு நின்றுவிடுகிறது. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி எங்கோ ஓடுவது தெரிகிறதே தவிர என்ன வாசிக்கிறார் என்று பிடிபடவில்லை.

உடனே எல்லாருக்கும் கை போவது கதவு ஸ்பீக்கர் பக்கம். அதைக் கழற்றிவிட்டு நல்ல பிராண்டாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் பேஸுக்காக மட்டும் செலவு செய்பவர் கடைசியில் வரவேண்டிய இடம் அது. கதவை அடைத்துச் சீர்செய்வது முதல் வேலை, பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான ஒரு சின்ன சப்-ஊஃபர் சேர்ப்பது இரண்டாவது வேலை. பெரும்பாலான கார்களுக்கு இந்த இரண்டுமே போதும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பேஸ் எங்கே தொலைகிறது

முதலில் மின்சாரக் கணக்கு. ஹெட் யூனிட்டின், அதாவது டேஷ்போர்டில் உள்ள மியூசிக் செட்டின், விவரத் தாளில் '4 × 50 வாட்' என்று இருக்கும். அது ஒரு கண நேர உச்சத்தைச் சொல்லும் எண். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை வைத்து உள்ளே இருக்கும் ஆம்ப் சிப், அதாவது ஒலி சிக்னலை வலுவாக்கும் சிப், ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து சுத்தமாகத் தரக்கூடியது 20 வாட்டை ஒட்டித்தான் வரும். சேதாரமே இல்லாமல் கணக்குப் போட்டாலும் 25 வாட் பக்கம் நின்றுவிடும். குரலுக்கு அது தாராளம். பேஸுக்குப் போதாது.

ஏனென்றால் பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. அதே சத்த அளவில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதாவது 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு வந்தால், ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு மெல்லிய காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும்தான். அந்த அளவுக்கு அசைய அதற்கு இடமே இல்லை.

இது தெரிந்துதான் பல கார் நிறுவனங்கள் சத்தத்தைக் கூட்டக் கூட்ட பேஸைத் தானாகக் குறைக்கும்படி செட் செய்து அனுப்புகின்றன. ஸ்பீக்கர் கிழியாமல் காப்பாற்ற அவர்களுக்கு அதுதான் வழி. உங்கள் காரில் இது இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டை மெல்லிய சத்தத்தில் வையுங்கள், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். குரல் ஏறிக்கொண்டே போய், அடி மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் அங்கேயே நின்றால் விஷயம் இதுதான்.

அடுத்தது நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். சில செட்டுகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருப்பது இதற்காகத்தான். இதோடு டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலிதான். வண்டி வேகமெடுத்ததும் இருக்கிற கொஞ்ச பேஸையும் அது மூடிவிடுகிறது. ஆகவே பேஸ் எப்படி இருக்கிறது என்று நிறுத்தி வைத்த வண்டியில் முடிவு செய்யாதீர்கள்.

செலவில்லாத வேலைகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பேஸ், நடு, உயர்ந்த ஒலிகளின் அளவைத் தனித்தனியாக மாற்றும் ஈக்வலைசர் போனில் ஒன்று, பாட்டு ஆப்பில் ஒன்று, காரில் ஒன்று என்று மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பவர்கள் அதிகம். போனிலும் ஆப்பிலும் இருப்பதை அணைத்துவிட்டு காரில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேஸை முழுக்கத் திருப்பாமல் இரண்டு மூன்று புள்ளி ஏற்றினால் போதும். நடு அலைவரிசையை ஒரு புள்ளி இறக்கினால் பேஸ் இன்னும் மேலே வந்ததுபோல் கேட்கும்.

யாராவது ஏற்கெனவே ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டிய வண்டி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு கதவில் பிளஸ், மைனஸ் வயர் இடம் மாறியிருந்தால் ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். இரண்டும் எழுப்பும் தாழ்ந்த ஒலி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பாலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவில் வைத்துக் கேளுங்கள். நடுவில் பேஸ் குறைந்தால் வயரில்தான் சந்தேகம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

கதவு

பேஸ் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், ஏனென்றால் கைக்கு அடக்கமான பொருளையும் ஒரு பகல் பொழுதையும் வைத்து இவ்வளவு மாற்றம் தரும் வேறு வேலை கார் ஆடியோவில் கிடையாது.

ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் பேஸ் அங்கேயே செத்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் மரப்பெட்டி இரண்டையும் பிரித்து வைக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும். ஆனால் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பசையால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அது மழைத் தண்ணீரைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல, எவ்வளவு நல்ல ஸ்பீக்கரை இங்கே மாட்டினாலும் பேஸ் தங்காது.

கதவின் வெளித்தகட்டை விரலால் தட்டினால் 'டங்' என்று நீண்டு ஒலிக்கும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் அந்தத் தகட்டில் ஒரு துண்டு டேம்பிங் ஷீட்டை, அதாவது ஒருபக்கம் பியூட்டைல் ரப்பரும் மறுபக்கம் அலுமினியத் தாளும் உள்ள ஷீட்டை, ஒட்டி ரோலரால் நன்றாக அழுத்துங்கள். மறுபடி தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிடும். தகடு முழுக்க மூட வேண்டியதில்லை. நாலில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி மூடினாலே அதிர்வு பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து உள்தகட்டு ஓட்டைகள். பெரிய ஓட்டைகளை ஷீட்டால் மட்டும் மூடினால் பேஸ் வரும்போது அதுவே உள்ளே வெளியே உப்பும். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி வைத்து, அதன் மேல் ஷீட் ஒட்டுவதுதான் சரி. ஸ்பீக்கர் விளிம்புக்கும் கதவுக்கும் நடுவில் இடுக்கு இல்லாமல் ஃபோம் வளையம் ஒன்று, ஸ்பீக்கருக்கும் டோர் பேடின் கிரில்லுக்கும் நடுவில் இன்னொன்று. அப்புறம் கிளிப்புகள், வயர்கள், லாக் கம்பி எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து, ஆடுகிற இடத்தில் ஃபோம் டேப்.

இரண்டு எச்சரிக்கை. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துவாரங்களை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். இன்னொன்று, கண்ணாடி இறங்கும் பாதை. எல்லாம் ஒட்டி முடித்ததும் டோர் பேடை மாட்டுவதற்கு முன் கண்ணாடியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது 60-லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அடியின் 'குத்து' இருக்கும் இடம் இதுதான். நடுத்தர சத்தத்தில் பழைய பாட்டுகளும் மெல்லிசையும் கேட்பவர்கள் பலருக்கு இதுவே போதும். கூடவே சாலை இரைச்சலும் கொஞ்சம் குறையும். நெஞ்சில் இறங்கும் அடிமட்ட ஒலி மட்டும் இதனால் வராது.

ஸ்பீக்கரை மாற்றினால்?

தெளிவு கூடும், உயர்ந்த ஒலிகள் விரியும். பேஸ் அனேகமாக அப்படியே இருக்கும், சில சமயம் குறையவும் செய்யும். காரணம் இருக்கிறது. கம்பெனி ஸ்பீக்கரின் லேசான காகிதக் கூம்பு குறைந்த வாட்டிலேயே ஓடும்படி செய்யப்பட்டது. வெளியில் வாங்கும் நல்ல ஸ்பீக்கர்களில் பலவும் கனமான கூம்போடு, 50 அல்லது 75 வாட் தரும் தனி ஆம்பை எதிர்பார்த்து வருகின்றன. அதை 20 வாட் ஹெட் யூனிட்டில் மாட்டினால் முழுசாக ஓடாது. சில கம்பெனி ஸ்பீக்கர்கள் 2 ஓம் வேறு. அங்கே 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்பிலிருந்து வரும் வாட் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எனவே கூம்பு கிழிந்திருந்தால், அல்லது குரலும் சேர்த்து மங்கலாக இருந்தால் மாற்றுங்கள். அப்போதும் பெட்டியில் உள்ள 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிட்டு, சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 3 டெசிபெல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம்.

கம்பெனி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே ஒரு சின்ன நாலு சேனல் ஆம்பும், ஒலியை டிஜிட்டலாகச் சீர்செய்யும் டிஎஸ்பி என்ற கருவியும் சேர்ப்பது இன்னொரு வழி. வால்யூம் ஏறும்போது ஹெட் யூனிட் பேஸை வெட்டும் கார்களில் இது ஓரளவு பலன் தரும். வெட்டை ஈடுகட்டும் வசதி சில டிஎஸ்பிகளில் உண்டு. ஆனாலும் கடைசியில் காற்றைத் தள்ளப்போவது அதே ஆறரை அங்குலக் கூம்புதான். ஒலித்தரம் மீது ஆசை உள்ளவருக்கு நல்ல செலவு. பேஸ் மட்டும் வேண்டும் என்பவருக்கு இது சுற்றுவழி.

சப்-ஊஃபர்: சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா?

இங்கேதான் உண்மையான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். இரண்டு கதவும் சேர்ந்து 260. ஒரே ஒரு பத்து அங்குல சப்-ஊஃபருக்கு 330-க்கு மேல், பன்னிரண்டு அங்குலத்துக்கு 480-க்கு மேல். அது போதாதென்று அவை முன்பின் அசையும் தூரமும் பல மடங்கு அதிகம்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சப் என்பது ஆம்பும் எட்டு அங்குலக் கூம்பும் ஒரே மெல்லிய உலோகப் பெட்டியில் அடங்கியது. உயரம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். டிக்கி முழுசாகக் காலியாக இருக்கும், வெளியில் எதுவும் தெரியாது, வண்டியை விற்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், மெல்லிய பெட்டி என்பதால் கூம்பு நீளமாக அசைய முடியாது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆள் காணாமல் போய்விடும். சத்தத்தை மிக அதிகமாக வைத்தால் திணறும். ஆனால் நான் மேலே சொன்ன கிக் டிரம், பேஸ் கிட்டார் இரண்டுமே 40-க்கு மேலேதான் இருக்கின்றன. குடும்பத்தோடு போகும் கார், டிக்கியில் எப்போதும் சாமான், பாட்டு எல்லா வகையும் என்றால் தயங்காமல் இதை எடுங்கள்.

வாங்குவதற்கு முன் சீட்டை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டி, அடியில் உள்ள குறைந்தபட்ச உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பின் சீட்டுக்கு ஏசி காற்று போகும் குழாய் அங்கே இருக்கலாம். மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேகுக்கோ சீட் பெல்ட்டுக்கோ போவது. அதைத் தொடவே கூடாது. எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயரும் அப்படித்தான்.

ஸ்டெப்னி டயரின் குழிக்குள் உட்காரும் வட்டமான சப்களும் உண்டு. இடம் மிச்சம், சத்தமும் சீட்டடி சப்பைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் டயரை எடுக்க வேண்டிய அவசரத்தில் வயரைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

டிக்கியில் பெட்டி வைப்பதென்றால் மூடிய பெட்டியா, துவாரம் வைத்த பெட்டியா என்ற கேள்வி வரும். துவாரம் வைத்தது ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை ஒட்டி, வழக்கமாக 30-லிருந்து 40 ஹெர்ட்ஸ் வரை, அதே வாட்டில் கூடுதல் சத்தம் தரும். அதற்குக் கீழே சட்டென்று சரியும், ஸ்தாயிக்கு 24 டெசிபெல். அங்கே கூம்புக்குப் பிடிமானம் போய்விடுவதால் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் போடாவிட்டால் ஸ்பீக்கர் அடிபடும். பெட்டியும் பெரிது. மூடிய பெட்டி சின்னது, சத்தம் கொஞ்சம் குறைவு, சரிவு ஸ்தாயிக்கு 12 டெசிபெல்தான்.

இந்த 12 என்ற எண்ணில் ஒரு அழகு இருக்கிறது. மூடிய காருக்குள், சுமார் 60 அல்லது 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அந்தச் சின்ன இடமே பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. கணக்குப்படி ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வரை. கதவு இடுக்குக் கசிவால் நடப்பில் கொஞ்சம் குறையும். ஆக மூடிய பெட்டி எவ்வளவு சரிகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் கார் ஏற்றித் தந்துவிடுகிறது. வீட்டு அறையில் இந்த அளவுக்குக் கிடைக்காத சலுகை இது. அதனால்தான் இசைக்காகக் கேட்பவர்களுக்கு நான் மூடிய பெட்டியில் பத்து அங்குலம் ஒன்றையே சொல்வேன். அடி விழுந்த உடனே நிற்கும், இழுக்காது. எலெக்ட்ரானிக் இசையை உரக்கக் கேட்பவர்கள் துவாரப் பெட்டிக்குப் போகலாம், பெட்டி அளவு அந்த ஸ்பீக்கருக்கு நிறுவனம் சொன்னபடியே இருந்தால்.

ஹேட்ச்பேக்கில் டிக்கி பேஸ் நேராக உள்ளே வந்துவிடும். செடானில் பின் சீட்டின் முதுகு மறிக்கும். பெட்டியைப் பின்பக்கம், அதாவது டிக்கிக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பாருங்கள், பல கார்களில் அதுவே கூடுதலாகக் கேட்கும். எதுவானாலும் பெட்டியைத் தரையோடு கட்டிவிடுங்கள். திடீர் பிரேக்கில் பதினைந்து இருபது கிலோ எடை முன்னால் பாய்ந்து வரக்கூடாது.

வயரிங்கும் டியூனிங்கும்

கம்பெனி ஹெட் யூனிட்டில் ஆம்புக்கான தனி அவுட்புட் பெரும்பாலும் இருக்காது. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப் அல்லது சப் என்றால் நேரடியாக, இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வைத்து. வயரை வெட்டாமல் நடுவில் செருகும் ரெடிமேட் ஹார்னஸ் உங்கள் காருக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வாரண்டி தகராறுக்கு வாய்ப்பு குறையும்.

பவரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ ரேடியோ ஃபியூஸிலிருந்தோ எடுக்கக் கூடாது. தொடர்ந்து 300 வாட் தரும் கிளாஸ்-டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) முழு வேகத்தில் 27 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். அதைத் தவிர்க்கும் எந்த மெக்கானிக்கையும் வேலை செய்ய விடாதீர்கள். மலிவான கிட்களில் செம்பு பூசிய அலுமினிய வயர் வரும். அது அதே தடிமன் செம்பைவிடக் கணிசமாகக் குறைவாகவே மின்சாரம் கடத்தும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'கீ' என்ற சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடம்.

கேபின் இரைச்சலை மைக் வைத்து அடக்கும் வசதி உள்ள கார்களில் சப் சேர்த்தால், அந்த மைக் புதிய பேஸையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு குழம்பலாம். நிற்காத உறுமலாக அது வெளிப்படும். வாங்குவதற்கு முன்பே உங்கள் மாடலில் அந்த வசதி உண்டா என்று பாருங்கள்.

ஆம்பில் உள்ள கெய்ன் குமிழ், ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கானது, வால்யூம் குமிழ் இல்லை. அதை முழுக்கத் திருப்பினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஸ்பீக்கரின் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சூடேறிக் கருகலாம். ஈக்வலைசரை நடுவில் வைத்து, ஹெட் யூனிட்டை நாலில் மூன்று பங்கு வரை ஏற்றி, பிறகு கெய்னைக் கீழிருந்து மெதுவாகத் திருப்புங்கள். அடி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்துங்கள். சப்புக்கு லோ-பாஸ் ஃபில்டர், அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி, 80 ஹெர்ட்ஸில். கதவு ஸ்பீக்கர்களுக்குத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் வைக்க வழி இருந்தால் அதையும் அதே 80-ல் வையுங்கள். செய்ய முடியாத பேஸிலிருந்து விடுபட்டதும் அவை இன்னும் உரக்க, சுத்தமாகப் பாடும்.

கடைசியாக, சப்பின் அசைவைக் கதவு ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்ச். 0, 180 என்று இரண்டு நிலை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் கிட்டார் ஓடும் ஒரு பாட்டை வைத்து, இன்னொருவரை சுவிட்சை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த நிலையில் அடி கூடுதலாக, அதுவும் பின்னாலிருந்து வராமல் முன்னாலிருந்து வருவதுபோல் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள். ஒரு வாரம் நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓட்டிப் பார்த்துவிட்டு சப்பின் அளவை மறுபடி ஒருமுறை சரிசெய்யுங்கள். அப்போது பலரும் அதைக் கொஞ்சம் இறக்கத்தான் செய்வார்கள்.